நாய் அட்வான்ஸ்

தச்சர் உப்புத்தாளைக் கதவில் வைத்ததும் அவள் குறுக்கே கையை நீட்டினாள்.

"கொஞ்சம் இருங்ணா."

கதவின் உள்பக்கம், கீழ்ப்பாதி முழுக்கக் கீறல். வேலை முடிந்து வந்து அவள் சாவியைப் போடும்போதெல்லாம் கடுகு பிறாண்டிய கீறல்.

பெயர்தான் கடுகு. நின்றால் அவள் இடுப்புக்கு வரும்.

போன வாரம் வரை.

வீட்டுக்காரர் ரத்தினசபாபதி ஒரு கவரை நீட்டினார்.

"நாய்க்குன்னு தனியா வாங்குன அட்வான்ஸ் அம்மணி. அப்படியே இருக்குது. கதவுச் செலவுகூடப் புடிக்கல."

நல்ல மனிதர்தான். சாய்பாபா காலனி முழுக்க அவள் வீடு தேடி அலைந்தபோது, நாய் என்றதும் கேட்டைச் சாத்தாதவர் இவர் ஒருவர். கடுகைப் புதைக்கக் கொய்யா மரத்தடியில் இடம் காட்டியவரும் இவரே.

அவள் கை கவரைத் தொட்டது.

"அக்ரிமெண்ட்ல அந்த நாய் சங்கதிய அடிச்சுட்டு ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. இனி இந்த வூட்டுக்கு நாய் வேண்டாம்."

கை நின்றது.

இப்போது அழுதால் அவர் ஆறுதல் சொல்வார். ஆறுதலோடு சேர்த்துப் பேனாவையும் கொடுப்பார்.

"கவர் உங்ககிட்டயே இருக்கட்டுங்க சார்."

"ஏனுங்க? நாய்தான் இல்லையே."

"அக்ரிமெண்ட் இருக்குதுங்களே. நாய் வெச்சுக்கலாம்னுதான் எழுதியிருக்கோம். கடுகுன்னு பேர் போட்டா எழுதுனோம்?"

அவர் நீட்டிய கவரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அக்ரிமெண்ட் தையில முடியுது. புதுசு போடறப்போ உங்களுக்கு இஷ்டமில்லைன்னா சொல்லுங்க, பேசிக்கலாம். அதுவரைக்கும் அந்த வரி இருக்கட்டும்."

குரல் உயரவில்லை. நடுங்கவும் இல்லை. அது அவளுக்கே புதிதாக இருந்தது.

தச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப கதவு?"

"நான் காலி பண்றப்போ பாத்துக்கலாங்ணா. ஆகற செலவ அந்த அட்வான்ஸ்லயே சார் புடிச்சுக்குவார்."

ரத்தினசபாபதி குனிந்து கீறல்களைப் பார்த்தார். ஒன்றில் விரலை வைத்து, அது முடியும் இடம் வரை இழுத்தார். நல்ல ஆழம்.

பிறகு கவரை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தச்சரிடம் தலையை ஆட்டினார். இருவரும் படியிறங்கினார்கள்.

அவள் கதவைச் சாத்தப் போனாள்.

கீழே கேட்டருகே அவர் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"இந்த வாட்டி கொஞ்சம் சின்னதாப் பாருங்க அம்மணி."

அந்த நிமிடம் வரை இன்னொரு நாயைப் பற்றி அவள் நினைத்தே பார்க்கவில்லை.