ஏழு கோடுகள்

“சொல்லிடலாங்க. அவங்க வந்ததும் முதல்ல அதைச் சொல்லிடுங்க.”

மூன்றாவது முறையாகச் சொன்னாள் மனைவி. கிடார்காரர் காதில் வாங்கவில்லை. மேசையில் கிடந்த எலெக்ட்ரிக் கிடாரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒரு தூசியும் இல்லை.

கழித்துப் போட்ட பொருள்களில் கிடார் செய்வது இருவருக்கும் தொழில். அவர் மரத்தை இழைப்பார். எரிந்துபோன மோட்டார்களிலிருந்து செம்புக் கம்பியை உருவி, கிடாரின் காந்தங்களில் சுற்றுவது அவள் வேலை. இந்தக் கிடாரின் குமிழ்கள் ஒரு செத்த ரேடியோவில் இருந்தவை. உடல், ஒரு கதவு.

அந்தக் கதவில்தான் வினை. இடிக்கப்போகும் வீட்டிலிருந்து அதைக் கழற்றி, மகளுக்குக் கிடார் செய்யச் சொல்லி அனுப்பிய பெரியவர், போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்.

“என் பொண்ணோட உயரத்தை வருஷா வருஷம் அதுல கீறி வச்சிருக்கேன். அந்த ஏழு கோடும் போயிடக் கூடாது. கலர் நீங்க எதை அடிச்சாலும் எனக்கு ஒண்ணுதான்.”

மற்ற அப்பாக்கள் பென்சிலால் கோடு போடுவார்கள். இவர் வீட்டில் பென்சிலுக்குப் பஞ்சம் போலிருக்கிறது. கத்தியால் ஆழமாகக் கீறியிருந்தார்.

பழைய மரம் வந்தால் ஆணி ஓட்டை, கீறல் எல்லாவற்றையும் மரத்தூளும் பசையும் குழைத்து அடைப்பது கிடார்காரரின் கைப்பழக்கம். போன வாரம் ஏதோ நினைப்பில் அடைத்தார், தேய்த்தார், கன்னம் போல வழவழப்பாக்கினார். அதற்குப் பிறகுதான் அந்த போன் ஞாபகம் வந்தது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நல்ல வேளை, கதவு வந்த அன்றே மனைவி போட்டோ எடுத்து வைத்திருந்தாள். அதைப் பார்த்து அளந்து, மெல்லிய தூரிகையால் ஏழு கோடுகளையும் வரைந்தார். மேலே பளபளவென்று ஒரு பூச்சு.

“வரையறதுக்குப் பதிலா மறுபடி கீறியிருக்கலாமே?” என்றாள்.

“என் கை கீறினா அவர் கீறினது மாதிரி வராது, மாட்டிப்பேன். இது அச்சு அசலா இருக்கு. யார் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.”

“அவங்க கண்டுபிடிக்கலேன்னாலும் பொய் பொய்தானே?”

கிடார்காரர் துணியை வீசினார். “நான் அழிச்சிட்டேன்னு வெளிய தெரிஞ்சா, இனிமே எவன் தன் வீட்டுக் கதவை என்னை நம்பித் தருவான்? நீ வாயைத் திறக்காதே.”

பதினோரு மணிக்கு வாசலில் கார் நின்றது. மகள் முன்னால் வந்தாள். பெரியவர் அவள் தோளைப் பிடித்தபடி பின்னால் வந்து, கதவருகே நின்று சிரித்த முகமாக வணக்கம் சொன்னார். கிடார்காரர் அவரைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. வாசிக்கப்போகிறவள் மகள். தப்பைப் பிடித்தால் அவள்தான் பிடிப்பாள்.

மகள் குனிந்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தாள். நாலாவதில் நின்றாள்.

“இந்தக் கோடு...” என்று இழுத்தாள்.

கிடார்காரர் வீசிய துணியை மறுபடி எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

“அன்னைக்குக் குதிகாலைத் தூக்கிட்டு நின்னு அப்பாவை ஏமாத்தினேன். அதான் இவ்வளவு மேல இருக்கு. அதுகூட அப்படியே இருக்கே!”

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ‘பார்த்தாயா’ என்பது போல மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகம் வெளிறியிருந்தது. அவள் கிடாரைப் பார்க்கவில்லை, பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, வாங்க. நீங்க போட்ட கோடு, நீங்களே எண்ணிப் பாருங்க.” மகள் அவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்து கிடாரின் மேல் வைத்தாள்.

பெரியவரின் முகம் ஜன்னல் பக்கம் எங்கோ திரும்பியிருக்க, விரல்கள் மட்டும் அந்த வழவழப்பில் மேலும் கீழுமாகத் தேடின.

“கோடு எங்கேம்மா?” என்றார்.