அனுப்பு பொத்தான்

காலை பதினொன்றரைக்கு இணையதளம் மறுபடியும் படுத்துவிட்டது. இந்த வாரத்தில் இது ஏழாவது தடவை.

காணாமல் போன மகனைத் தேட அப்பா கட்டிய தளம் அது. "என் முகத்திலேயே முழிக்காதே" என்று கத்தியதும் அவர்தான். மறுநாளே அவன் போனை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். நாற்பது நாளாகிறது.

இருபது வருடம் ஜாவா நிரல் எழுதிக் குப்பை கொட்டிய மனிதர். ஒரு படம், ஒரு தொலைபேசி எண் என்று போட்டுவிட்டுப் போயிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே!

பையனைப் பார்த்ததாகப் புளுகி முதல் வாரமே இரண்டு பேர் அவரை அலையவிட்டிருந்தார்கள். அதனால் ஒரு சல்லடை வைத்தார். தகவல் தருபவர் பையனின் படத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அந்த முகத்தை மகனின் பழைய படங்கள் அத்தனையோடும் ஒப்பிட்டு, பொருந்தினால் மட்டுமே தகவல் அவருக்கு வந்து சேரும்.

வீட்டுக் கணினியில் ஜோராகத்தான் ஓடியது.

தளத்துக்கு இடம் கொடுத்திருந்த ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"சார், ஒரே சர்வர்ல முந்நூறு பேரோட சைட் ஓடுது. உங்க ஜாவா ஒண்ணே இவ்வளவு மெமரிய எடுத்துக்கிட்டா, சர்வர் தானா நிறுத்திடும் சார். படத்த ஒப்பிட ஆரம்பிச்சாலே போயிடுது. அனுப்பினவங்களுக்கு 'கோரிக்கை ஏற்கப்படவில்லை'ன்னுதான் வரும்."

பாவி, பாவி என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். சும்மா பார்க்க வருகிறவர்களால் தளம் சாகவில்லை. யாராவது "அனுப்பு" என்று அழுத்தினால்தான் சாகிறது.

அப்படியென்றால் ஏழு தடவை யாரோ அழுத்தியிருக்கிறார்கள்.

"என்னங்க, யாராவது ஏதாவது எழுதியிருக்காங்களா?" மனைவி நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

சர்வரின் பதிவுக்கோப்பைத் திறந்தார். ஒப்பிடத் தொடங்கும் முன் வந்த எழுத்துகள் மட்டும் அதில் தங்கியிருந்தன.

தொடர்பு எண் என்ற கட்டத்தில் எதுவும் இல்லை. முகவரியும் இல்லை.

ஆறு முறை ஒரே செய்தி.

"அப்பா, நான்தான். வீட்டுக்கு வரலாமா?"

இன்று பதினொன்றரைக்கு வந்தது மட்டும் வேறு.

"சரிப்பா. புரியுது."