சாம்பல் விழுந்த பக்கம்

ராயபுரத்து வீட்டின் ஒரே அடுப்பின் முன்னால், தன் கையால் செய்யும் முதல் கிறிஸ்துமஸ் கேக்குக்குக் காவலாகக் குந்தியிருக்கிறாள் பிலோமினா. மணல் பரப்பிய அண்டாவுக்குள், தகரத் தட்டில் கேக் வேகிறது. மூடியின்மேல் கனல் சிவந்திருக்கிறது. ஜன்னல் வெயிலில் புகை நீலமாக நிற்க, ரம்மில் ஊறிய திராட்சை மணக்கிறது. மீன் சட்டியோடு காத்து நிற்கும் மூத்த ஓரகத்தி சவரியம்மா, கிடுக்கியால் மூடியைத் தூக்குகிறாள்.

“துரைசானி வூட்டுல ஆயா வேலை பாத்தா நீயும் துரைசானியாடி? நான் எப்ப கொழம்பு வெக்கிறது?”

மூடி சாய்கிறது. இன்னும் இளகியிருக்கும் மாவின் ஓரத்தில் சாம்பல் கொட்டுகிறது.

“கை தவறிடுச்சி,” என்கிறாள், சிரிப்பை மறைக்காமல்.

துறைமுகத்தில் கப்பல் ஊதி ஓய்கிறது. பிலோமினா சாம்பலைத் துடைக்கவில்லை. மடியிலிருந்து ஒரு முந்திரியை எடுத்து, சூடு பார்க்காமல் கையை விட்டு, சாம்பல் படிந்த இடத்தில் அழுத்திப் பதிக்கிறாள்.

“அடையாளம் வெச்சிட்டேன்க்கா. இது ஒம் பங்கு.”