பாஸ் குறைந்த ஹெட்போன்

மூன்றாவது ஹெட்போனையும் கழற்றி வைத்துவிட்டார் இருளப்பன்.

“இதுலயும் பாஸ் தூக்கலா இருக்கு தம்பி. கொரல் அமுங்கிப் போவுது.”

கடைக்கார முகுந்தனுக்கு எரிச்சலாக வந்தது. மலேசியாவின் கூலிம் டவுனில் பத்து வருஷமாகக் கடை வைத்திருக்கிறான். நெஞ்சு அதிரும் அந்த பாஸ் ஒலி போதாது என்று சண்டை போட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறான்.

“பாஸ் இல்லன்னா பாட்டு சப்புன்னு இருக்கும்லா அண்ணே!”

“இருக்கட்டும். கம்மியானது குடு.”

இருப்பதிலேயே விலை கூடியதை எடுத்துக் கொடுத்தான். அவர் தம் கைப்பேசியில் எதையோ ஓடவிட்டார். கேட்கக் கேட்க முகம் வெளிறியது. ஹெட்போனை அவனிடம் நீட்டினார்.

முகுந்தன் மாட்டிக்கொண்டான். பாட்டு இல்லை, ஓர் இளைஞன் அனுப்பிய குரல் பதிவு. ‘அப்பா, காடி ஓட்டிக்கிட்டு இருக்கேன், வந்துடுறேன்.’ பின்னால் காருக்குள் பாட்டு அதிர்ந்தது. அதற்கும் பின்னால், நீளமாக ஒரு லாரி ஹாரன். அத்துடன் பதிவு அறுந்தது.

“என் மவன். போயி ஆறு மாசமாச்சு. லாரிக்காரன் ஹாரனே அடிக்கலன்னு கோர்ட்டு வரைக்கும் போயி நின்னேன். அடிச்சிருக்கான் தம்பி. இவனுக்குத்தான் கேக்கல.”

முகுந்தன் ஹெட்போனைக் கழற்றினான்.

“காடியில பாஸ் இப்படி அதிர வூஃபர் மாட்டிவிட்டவன் எவன்ணே? அவன உதைக்கணும்.”

இருளப்பன் ஹெட்போனைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

“பக்கத்துல கரங்கான்ல காடிக்கு வூஃபர் மாட்டுற கடை என்னுதுதான் தம்பி.”