டிங்குவுக்கு ஒரு விசில்

கோத்தகிரி சாரணியர் குழுவில் அணித்தலைவியாகி விசில் மாட்டிக்கொள்ள வேண்டுமென்றால், ஒரு முறையாவது காட்டில் வழி தவறித் திரும்பியிருக்க வேண்டும். பழைய விதி அது. பிள்ளைகள் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்த டிங்கு என்கிற ரோபோவைத் தடுக்க, குழுத்தலைவி ஜெசிந்தாவுக்கு அந்த விதியே போதுமாக இருந்தது. காட்டு வரைபடத்தையே மண்டைக்குள் வைத்திருப்பது எப்படி வழி தவறும்? பிள்ளைகள் சண்டை போட்டும் அவள் மசியவில்லை.

அன்று மலையேறப் போன அணி, மதியச் சாப்பாடு ஆறி அவலான பிறகுதான் முகாமுக்குத் திரும்பியது. எல்லார் காலிலும் சேறு, டிங்குவின் இரும்புக் காலிலும்தான்.

“என்ன டிங்கு, வழி தப்பிட்டியா?” ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு முட்டியது.

“இல்ல மேடம். இன்னைக்கு நிலானிதான் முன்னாடி போனா. ஓடைகிட்ட தப்பா திரும்பிட்டா.”

“உனக்குத் தெரியும்ல? சொல்ல வேண்டியதுதானே?”

“ஆபத்து ஒண்ணும் இல்ல மேடம். அவளே கண்டுபிடிக்கட்டும்னு பின்னாடியே போனேன். கண்டுபிடிச்சுட்டா!”

எட்டு வயது நிலானி, மலையையே தூக்கி வந்தவள் போல நின்றாள்.

விதிப்படி டிங்கு இன்னும் வழி தவறவில்லை. ஆனாலும் ஜெசிந்தா தன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினாள். அதை மாட்ட டிங்குவுக்குக் கழுத்து எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது.