ஏதேனும் ஒரு விசை

கொட்டாரத்தில் அத்தை வீட்டில் சும்மா கிடந்த பழைய கணினியில் இயங்குதளம் ஏற்ற, சுஜா காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நாளை வீட்டிலிருந்தே பார்க்கும் வேலையில் சேர வேண்டும். கணினி ஓடாவிட்டால் வேலை இல்லை. அந்தப் பெட்டி பென் டிரைவை மதிக்கவே இல்லை, சிடி மட்டும்தான். சிடியைப் போட்டால், தொடங்க ஏதேனும் ஒரு விசையை அழுத்தச் சொன்னது திரை. அவள் அழுத்திய எதுவும் அதற்கு எட்டவில்லை. ஒவ்வொரு முறையும் அணைந்து, மறுபடி எழுந்து, அதையே கேட்டது.

"சனியனே" என்று விசைப்பலகையைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டாள். கணினியிலிருந்து கழன்ற வயர் தரையில் கிடந்தது.

திரை இன்னொரு முறை கேட்டது. உடனே நீலமாகி, இயங்குதளம் ஏறத் தொடங்கியது.

அடுக்களையிலிருந்து அத்தை கேட்டாள்: "தட்டுத சத்தம் கேக்குல்லா. ஆயிட்டா மக்கா?"

"நான் ஒண்ணும் தட்டலியே அத்தை."

"பின்ன எலியா தட்டுது? சோறு ஆறிப்போவுது, வா ஏட்டி."

சுஜா எழவில்லை. இப்போது திரை பெயர் கேட்டது. கட்டத்தில் அவள் பெயர் எழுத்தெழுத்தாக விழுந்தது. அடுத்துக் கடவுச்சொல் கேட்டது. அங்கே கரும்புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மடியில் விசைப்பலகை அசையாமல் கிடந்தது.

எல்லாம் முடிந்தது. கணினி ஒருமுறை அணைந்து எழுந்து, சுஜாவை வரவேற்று, கடவுச்சொல்லைக் கேட்டது.