அஞ்சு மணி க்ளிக்

“கன்னியப்பன் நிலத்துல இருந்து பெட்டியைக் கழட்டிட வேண்டியதுதான். வேற வழியே இல்ல” என்றார் துரைசாமி, ஸ்கூட்டரின் பின்சீட்டில் இருந்து.

ஓட்டியது ஜெபசீலன். பையில் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் தயார். மனசுதான் தயாராக இல்லை.

பெட்டி என்றால் ரிப்பீட்டர். வேலூரில் இருந்து ரேடியோவில் பேசினால் நடுவில் இருக்கும் மலை மறித்துக்கொள்ளும், திருப்பத்தூருக்கு எட்டாது. அந்தப் பேச்சை உச்சியில் இருந்து வாங்கி, உரக்கத் திருப்பிச் சொல்வது இந்தப் பெட்டி. லைசென்ஸ் வாங்கி வீட்டிலேயே பேசும் ரேடியோ வைத்திருக்கும் இவர்களைப் போன்ற இருபது பேர் சேர்ந்து செய்தது. நாட்றம்பள்ளிப் பக்கம் கன்னியப்பன் நிலத்தில் ஒரு பாறைக் குன்று. கேட்டதுமே, “ஆடு மேயற எடம்தானே சார், வச்சிக்கோங்க” என்று கொடுத்துவிட்டார் மனிதர்.

அது எண்பத்து மூணாம் வருஷம். டிரங்க் கால் போட்டால் அரை நாள் காத்துக் கிடக்க வேண்டும். ஜெபசீலனுக்கு வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. லேசில் கிடைக்காத வகை ரத்தம் யாருக்காவது அவசரமாகத் தேவைப்பட்டால், காலை ஏழு மணிக்கு எல்லோரும் ரேடியோவில் கூடும்போது சொல்வான். எட்டு மணிக்குள் திருப்பத்தூரில் ரத்தம் கொடுக்க ஒரு ஆள் பஸ் ஏறியிருப்பார்.

“பத்து மாசம் ஆச்சு, பெட்டி ஒரு நாள் நின்னதில்ல. என் கை வேலை அப்படி” என்று அவன் பெருமையடித்துக்கொள்ளாத இடமில்லை.

அதில்தான் இப்போது வில்லங்கம். தினமும் விடியற்காலை அஞ்சு மணிக்கு யாரோ பேசும் பட்டனை அமுக்குகிறார்கள். பேச்சு இல்லை, பேர் இல்லை. ஒரு ‘க்ளிக்’, அவ்வளவுதான். ஆனால் லைசென்ஸ் இல்லாதவர் அந்தப் பட்டனைத் தொடுவதே குற்றம். ரேடியோக்களைக் கண்காணிக்கும் சென்னை ஆபீசில் இருந்து எச்சரிக்கைக் கடிதமே வந்துவிட்டது. இன்னொரு தரம் நடந்தால் பெட்டிக்கான அனுமதி ரத்து.

துரைசாமி தந்தி ஆபீசில் முப்பது வருஷம் விரலாலேயே பேசி ரிடையரானவர். சட்டம் என்றால் அவருக்கு உயிர்.

“கீழ இருந்து டெஸ்ட் பண்றதுக்குனு ஒரு செட்டை அவன் பம்ப் ரூம்ல வச்சோமே, அதுலதான் விளையாடறான். வேற யாரு?” என்றார்.

கன்னியப்பன் பம்ப் ரூம் வாசலிலேயே இருந்தார். அவர் மனைவி சம்பூர்ணம் களத்தில் மல்லாட்டைக் கடலை காயவைத்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க சார், வாங்க! ஏய், மோர் கொண்டா!”

“மோர் கெடக்கட்டும்ப்பா” என்றார் துரைசாமி. “தினம் காலைல பட்டனை அமுக்கறது யாரு?”

கன்னியப்பன் ஒரு நிமிஷம்கூட மழுப்பவில்லை. “நான்தான் சார்.”

“அறிவிருக்கா உனக்கு? எங்க எல்லார் பொழப்பும் கெட்டிருக்கும்!”

“ஐயோ, ஒரு வார்த்தை பேசல சார். லைசென்சு இல்லாதவங்க பேசக்கூடாதுனு ஜெபசீலன் சார் சொன்னாரு இல்ல? அதான் வாயே தெறக்கல. வெறும் பட்டன்தான். அதுவும் தப்புன்னு தெரியாது சார்.”

“பின்ன இன்னாத்துக்கு அமுக்கின? வெளாட்டா?”

கன்னியப்பன் தலையைச் சொறிந்தார். சம்பூர்ணத்துக்குப் பொறுக்கவில்லை.

“இன்னா சார், வெளாட்டுன்றீங்க? அமுக்கி வுட்டா மேல இருந்து ‘கர்ர்’னு ஒரு சத்தம் வரும். வந்தா பெட்டிக்கு உசுரு இருக்குன்னு கயனி வேலைக்குப் போய்டுவாரு. வரலன்னா பீஸ் கம்பிய எடுத்துக்கினு குன்னு மேல ஏறிடுவாரு. கரண்டு ஒரேடியா ஏறி எறங்குது, பீஸ் புட்டுக்குது. ஆடி மாசத்துல மட்டும் ஆறு தபா ஏறுனாரு. மழைல ஒரு தபா வழுக்கி, முட்டி பேந்துபோச்சு. ஏழு மணிக்குள்ள சரி பண்ணணுமாம், பேஜாரு!”

ஜெபசீலனுக்கு முகம் சுருங்கிவிட்டது. பத்து மாதமாக அவன் வாங்கிய பாராட்டெல்லாம் இந்த முட்டிக்குச் சேர வேண்டியது. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஸ்பேனர் பையை மெல்ல ஸ்கூட்டரிலேயே மாட்டினான்.

துரைசாமி குன்றை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார்.

“அந்த மோரைக் கொண்டாம்மா. கன்னியப்பா, இனிமே நீ பட்டனைத் தொடாத. தினம் அஞ்சு மணிக்கு என் லைசென்சுல நானே கூப்பிடறேன். நீ செட்டைப் போட்டுக் கேட்டா மட்டும் போதும். என் குரல் வந்தா பெட்டி நல்லா இருக்குன்னு அர்த்தம்.”

“வரலன்னா ஏறிட்றேன் சார்.”

“சென்னைக்கு நான் பதில் எழுதிக்கறேன்” என்று மோரை ஒரே மூச்சில் குடித்தார்.

ஜெபசீலனுக்குத்தான் ஆறவில்லை. “ஏன் கன்னியப்பன், தனியா இவ்ளோ கஷ்டப்பட்டிருக்கீங்களே? பெட்டி நின்னுபோச்சுனு எனக்கு ஒரு கார்டு போட்டிருந்தா நானே வந்திருப்பேனே?”

கன்னியப்பன் அவனை வினோதமாகப் பார்த்தார்.

“கார்டு வேலூர் வந்து சேர மூணு நாளாவும் சார். ரத்தம் கேக்கறவங்க மூணு நாள் தாங்குவாங்களா?”